பொதுவான மேம்பாடுகள்

பிப்ரவரி 6

மாப்பிள்ளைக்கு,

முந்தாநாள் நான் போன் செய்தபோது, "அப்டேட் ஆனா நல்லதுதானே அத்தான், மீட்டிங்ல இருக்கேன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். நான் மறுபடி கூப்பிடவில்லை. கூப்பிட்டால் நீ குறுக்கே பேசுவாய், நான் கத்துவேன், நடுவில் உன் அக்கா வந்து போனைப் பிடுங்குவாள். எழுத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது. அதனால் இது. மின்னஞ்சல்தான் என்றாலும் கடிதம் மாதிரி பதில் எழுது. "ஓகே" என்று ஒற்றை வார்த்தை வந்தால் உன் அக்காவிடம் சொல்லிவிடுவேன்.

நீ வேலை பார்க்கும் ஆன்லைன் கேம் கடையில்தான் 'பனித்துறை'யை வாங்கினேன். முதுகில் மூட்டையோடு, பனி மூடிய துறைமுக ஊரில் சந்து சந்தாய் அலைந்து, வீடு வீடாய்ச் சரக்குச் சேர்க்கிற விளையாட்டு. அந்தப் பனியில் கண் உள்ளவர்களுக்கே ஒன்றும் புலப்படாது என்கிறார்கள். எனக்கு என்ன வந்தது? கண் தெரியாதவனுக்குப் பனி என்ன, வெயில் என்ன.

நான் எப்படி விளையாடுகிறேன் என்று நீ கேட்டதே இல்லை. சொல்கிறேன். அந்த ஊரில் சுவர்களுக்கு ஒரு ரீங்காரம் உண்டு. தூரத்து மின்பெட்டி முனகுகிற மாதிரி. பக்கத்தில் போகப் போகக் கூடும். சந்து திரும்புகிற இடத்தில் சட்டென்று அறுந்துபோகும். கதவுக்கு முன்னால் லேசாய்த் தடுமாறும். கண் உள்ளவர்கள் யார் காதிலும் அது விழுந்ததில்லை. நான் அதைப் பிடித்துக்கொண்டுதான் அந்த ஊர் முழுக்க நடந்தேன். என்னைப் போல இன்னும் பலர் இருக்கிறார்கள். எங்கள் கூட்டத்துக்கு 'மூக்கு இடித்துக்கொண்டோர் சங்கம்' என்று பெயர்.

செவ்வாய்க்கிழமை சாப்பிட்டுவிட்டு வந்து திறந்தால் ரீங்காரம் இல்லை. ஊருக்கே பஞ்சு வைத்து அடைத்த மாதிரி இருந்தது. நடந்தேன், முட்டினேன். திரும்பினேன், முட்டினேன். படகுத் துறையில் கால் வைத்துத் தண்ணீருக்குள் போனேன். என்ன மாற்றினார்கள் என்று தேடினால் இரண்டு வரி: "சிறு கோளாறுகள் சரிசெய்யப்பட்டன. பொதுவான மேம்பாடுகள்." உங்கள் கடையின் புகார்ப் பக்கத்தில் என் குறைக்கு ஒரு வகை இல்லை. 'மற்றவை'யை அமுக்கி எழுதினேன். "உங்கள் கருத்துக்கு நன்றி" என்றது. நான் கருத்துச் சொல்லவில்லை, மாப்பிள்ளை. கத்தினேன்.

தெருவில் இறங்கினால் யாராவது வந்து என் முழங்கையைப் பிடித்துக்கொள்வார்கள். நல்லவர்கள்தான், குறை சொல்லவில்லை. ஆனால் அந்த ஒரு ஊரில்தான் யார் கையும் படாமல் ஒரு தெருவைக் கடக்கிறேன். அதை என்னிடம் கேட்காமல் எடுத்துக்கொண்டீர்கள். திருப்பிக் கொடுங்கள்.

அத்தான்

---

பிப்ரவரி 8

அத்தானுக்கு,

சுற்றி வளைக்கத் தெரியாது, நேராகச் சொல்லிவிடுகிறேன். அப்டேட்டை ஒத்திவைக்க முன்பு 'பிறகு' என்று ஒரு பொத்தான் இருந்தது. அதை எடுத்தது என் குழு. எடுக்கச் சொன்னது நான். அதை அமுக்கியவர்கள் மிகக் குறைவு, அமுக்கியவர்களில் பெரும்பாலோர் மறந்தும்போனார்கள். பழைய பதிப்பை வைத்துக்கொண்டு "கேம் ஓடல" என்று எங்களைத் திட்டுவார்கள். அவர்களுக்குப் பதில் எழுதியே ஒரு பிரிவு சோர்ந்துபோனது.

நான் கட்டிய முறையில் முழு கேமும் திரும்ப இறங்காது. மாறிய துண்டு மட்டும் வரும். நீங்கள் சாப்பிடப் போன நேரத்தில் வந்து, ஒட்டிக்கொண்டு, முடிந்தும்விடும். இணைப்பு திணறாது, யாரையும் காக்கவைக்காது. இதற்குத்தான் இரண்டு வருடம் உழைத்தேன். "தொந்தரவே இல்ல, எப்ப வந்துச்சுன்னே தெரியல" என்று பாராட்டி எழுதுகிறார்கள்.

ரீங்காரம் எடுக்கப்பட்டது கேம் செய்தவர்களின் முடிவு. கடைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அவர்கள் அனுப்பும் பொட்டலத்தைப் பிரித்துப் பார்ப்பது எங்கள் வேலை இல்லை. அவர்களுக்கு எழுதுங்கள். முகவரி கீழே.

கண் தெரியாதவர்களுக்கென்றே செய்த ஒலி விளையாட்டுகள் நிறைய இருக்கின்றன. வேண்டுமானால் நல்லதாக நாலைந்து அனுப்புகிறேன்.

அக்காவை முட்டிவலிக்கு டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். நான் சொன்னால் கேட்கமாட்டாள்.

---

பிப்ரவரி 11

மாப்பிள்ளை,

உன் கடிதத்தை என் கணினி ஒரு இளம்பெண் குரலில் வாசிக்கிறது. நீ எரிந்து விழுவதெல்லாம் அந்தக் குரலில் தாலாட்டு மாதிரி இருக்கிறது. அதனால் இன்னும் உன்மேல் கோபம் வரவில்லை. "கண் தெரியாதவர்களுக்கென்றே செய்த" என்ற இடத்தில் மட்டும் நிறுத்தி, மறுபடி வாசிக்கச் சொன்னேன். எங்களுக்கென்று தனியாகக் கட்டிய தெருவில்தான் நடக்கவேண்டும் என்றால் நான் ஏன் உங்கள் தெருவுக்கு வந்தேன்?

நான் எங்கே வேலை செய்கிறேன் என்று உனக்குத் தெரியும். குடிநீர் அலுவலகத்தில் புகார் எடுக்கிறேன். காலையிலிருந்து சாயங்காலம்வரை காதில் திட்டு. குழாய் மாற்றுகிற வேலை வந்தால் முதல்நாளே அந்தத் தெருவுக்குச் சொல்கிறோம். எந்தத் தெரு, எந்நேரம், எதற்காக. பிடித்துவைக்க வேண்டியவர்கள் பிடித்துவைத்துக்கொள்வார்கள். "தண்ணி நின்னதே தெரியாம பண்ணிட்டோம் பாத்தீங்களா" என்று நாங்கள் மார் தட்டினால், அன்றைக்குக் குளியலறையில் தலைக்குச் சோப்புப் போட்டு நின்றவன் என்ன சொல்வான்? எனக்குத் தெரியும். அவன் என்னிடம்தான் சொல்வான்.

பொட்டலத்தைப் பிரிப்பது உங்கள் வேலை இல்லை, சரி. ஆனால் என் வீட்டுக்குள் வந்து, பழையதை எடுத்துக்கொண்டு, புதியதை வைத்துவிட்டுப் போனது யார்? கேம் செய்தவர்களா, நீங்களா?

உன் அக்கா இதைக் கேட்டுவிட்டு, "ரெண்டு பேருக்கும் வேற வேலையே இல்லையா? ஒரு கேமுக்கு இவ்ளோ எழுத்தா?" என்கிறாள். அதைச் சொன்ன கையோடு, "அவன் என்ன பதில் போடுறான்னு எனக்கும் வாசிச்சுக் காட்டுங்க" என்கிறாள். முட்டிவலி தேவலை.

---

பிப்ரவரி 15

அத்தானுக்கு,

உங்கள் அலுவலகக் கதை நன்றாக இருக்கிறது. ஒரு கேள்வி. குழாயில் ஈயம் கலக்கிறது என்று தெரிந்தபிறகு, "விருப்பமிருந்தா மாத்திக்கோங்க, இல்லன்னா பிறகு பாத்துக்கலாம்" என்பீர்களா? மாட்டீர்கள். ஆளனுப்பி அன்றே தோண்டுவீர்கள்.

அந்த அப்டேட்டைப் பிரித்துப் பார்த்தேன். வேலை நேரத்தில்தான், யாரும் கேட்கவில்லை. அதில் உண்மையிலேயே ஒரு ஓட்டையை அடைத்திருக்கிறார்கள். பழைய பதிப்பில், ஊருக்குள் ஒருவன் ஒரு தினுசான செய்தி அனுப்பினால் போதும், உங்கள் கணக்கு அவன் கைக்குப் போய்விடும். நாலு பேருக்கு அப்படிப் போயும் இருக்கிறது. "பழையதே போதும்" என்று உங்களை விட்டிருந்தால் அடுத்து உங்கள் கணக்காக இருந்திருக்கும். அப்போதும் என்னைத்தான் திட்டியிருப்பீர்கள்.

ஆனால் அதே பொட்டலத்தில் ஒலித் துண்டையும் சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். ஓட்டைக்கும் ரீங்காரத்துக்கும் ஒரு தொடர்பும் இல்லை. கிடைத்த வண்டியில் இரண்டையும் ஏற்றிவிட்டார்கள். இரண்டுக்கும் சேர்த்து அந்த இரண்டு வரி. அதைப் படித்தபோது எனக்கே எரிச்சல் வந்தது. ஒப்புக்கொள்கிறேன்.

இத்துடன் ஒரு சுட்டி இருக்கிறது. பழைய பதிப்பு. எங்கள் சேமிப்பிலிருந்து எடுத்தது. கேள்விப்பட்டால் வேலை போகும், ஆகவே சங்கத்துக்குப் பகிர்ந்துவிடாதீர்கள். போட்டுக்கொண்டு நிம்மதியாக நடங்கள். பிரச்சினை தீர்ந்தது என்று நினைக்கிறேன்.

---

பிப்ரவரி 17

மாப்பிள்ளை,

போட்டேன். ரீங்காரம் வந்தது. வந்ததும் என்னை அறியாமல் சிரித்துவிட்டேன். உன் அக்கா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

சந்தைத் தெருவில் நடந்தேன், முட்டவில்லை. படகுத் துறைக்குப் போனேன், விழவில்லை. கிணற்றடியில்தான் நாங்கள் கூடுவோம். பாட்டு டீச்சர் வருவார், ஓய்வுபெற்ற தபால்காரர் வருவார், 'பிரேக்' என்று ஒருவன் வருவான், நிற்கத் தெரியாமல் எல்லார்மேலும் இடிப்பான். அங்கே போய் நின்றேன். யாரும் இல்லை. கூப்பிட்டுப் பார்த்தேன். சரக்கு வண்டிச் சத்தம்கூட இல்லை. பழைய பதிப்பு வைத்திருப்பவன் மற்றவர்கள் இருக்கும் ஊருக்குள் நுழைய முடியாது என்று பிறகுதான் தெரிந்தது. எனக்கு மட்டும் ஒரு ஊர். சுவர் மட்டும் பேசுகிற ஊர்.

மூடிவிட்டேன். நீ அனுப்பியதை அழித்தும் விட்டேன். உன் வேலைக்கு ஒன்றும் வராது, கவலைப்படாதே.

எனக்காகத் துணிந்து செய்தாய், அது தெரியும். கோபமில்லை.

---

மார்ச் 9

அத்தானுக்கு,

இத்தனை நாள் எழுதாததற்குக் காரணம் கேட்காதீர்கள். எழுத ஒன்றும் இல்லாமல் இருந்தேன்.

உங்கள் கடைசிக் கடிதத்தில் என்னைத் திட்டவே இல்லை. அதுதான் உறுத்தியது. திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் நாலு வரி எழுதிவிட்டு நகர்ந்திருப்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அறையில் உட்கார்ந்து பழைய பதிப்பைப் போட்டேன். திரையை அணைத்தேன். ஹெட்போன் மாட்டினேன். ரீங்காரம் கேட்கவில்லை. சத்தத்தைக் கூட்டினேன், கேட்கவில்லை. அத்தான் கற்பனை செய்கிறார் என்றுகூட நினைத்தேன். முட்டி முட்டி, எரிச்சலில் ஹெட்போனைக் கழற்றப்போன சமயத்தில் ஏதோ குறைந்த மாதிரி இருந்தது. இருந்தது போனபிறகுதான் இருந்ததே தெரிந்தது. சந்து முனை! அதன்பிறகு விடவில்லை. இருட்டும்வரை ஒரே தெருவில் போய்ப்போய் வந்தேன். ஒரு மூட்டையைக்கூடச் சேர்க்கவில்லை. ஆனால் ஒரு கதவைக் கண்டுபிடித்தேன். ஒரு கதவு, அத்தான்! அதற்கே எழுந்து நின்று கத்தினேன். பக்கத்து அறைக்காரன் வந்து "என்னாச்சு, எதாவது விழுந்துச்சா?" என்று கேட்டான்.

மறுநாள் மேலாளரிடம் போனேன். எதைச் சொன்னாலும் "சுருக்கமா சொல்லு" என்பார், அதனால் நாங்கள் அவருக்கு வைத்த பெயர் 'சுருக்கம்'. சுருக்கமாகவே சொன்னேன். பாதுகாப்பு ஓட்டையை அடைப்பது தனியாக வரட்டும், அதைக் கட்டாயமாக்குவோம். மற்ற மாற்றமெல்லாம் வேறு பொட்டலம். அது வருமுன் என்ன மாறுகிறது என்று மனிதர் பேசுகிற மொழியில் சொல்வோம், இப்போதா பிறகா என்று கேட்போம். மாற்றம் பிடிக்காதவர் பழையதுக்குத் திரும்பினாலும் கூட்டத்தோடு சேர்ந்து விளையாட வழி இருக்கிறதா என்று கேம் செய்பவர்களைக் கேட்போம்.

"நீதானே அந்த பட்டனைத் தூக்கச் சொன்ன?" என்றார்.

"ஆமா. தப்பாத் தூக்கிட்டேன்."

"எத்தனை பேருக்கு இது பிரச்சினை?"

எனக்குத் தெரியவில்லை. எங்கள் கணக்கில் யார் எத்தனை நேரம் விளையாடினார் என்பது இருக்கிறது. எப்படி விளையாடினார் என்பது இல்லை. உங்கள் சங்கத்தில் எல்லாரும் ஆளுக்கு ஒரு கடிதம் எழுதினால் உதவும். கண் தெரியாதவர்கள் படும் கஷ்டத்தை விவரமாக எழுதச் சொல்லுங்கள். மேலாளர் மனம் இளகும்.

---

மார்ச் 12

மாப்பிள்ளை,

அந்தக் கதவைப் பற்றி எழுதிய பத்தியைச் சங்கத்தில் வாசித்துக் காட்டினேன். பாட்டு டீச்சர், "உங்க மச்சினனுக்குக் காது இருக்கு, பொறுமைதான் இல்ல" என்றார். 'பிரேக்' உன்னைச் சங்கத்தில் சேர்த்துக்கொள்ளலாம் என்கிறான். மூக்கு இடிபட்டதற்குச் சாட்சி வேண்டுமாம்.

கடைசி வரிக்குப் பதில்: எழுத மாட்டோம்.

உன் மேலாளர் மனம் இளகவேண்டாம். இளகிய மனம் மறுநாள் இறுகிவிடும். இரக்கப்பட்டுக் கொடுத்ததை அலுத்துப்போய்த் திரும்ப எடுத்துக்கொள்வார்கள், பார்த்திருக்கிறேன். நாங்கள் கஷ்டப்படுகிறோம் என்று ஒரு இடத்திலும் எழுதாதே. நாங்கள் காசு கொடுத்து ஒரு பொருள் வாங்கினோம். வாங்கியது ஒன்று, வீட்டில் இருப்பது வேறு. எங்களிடம் கேட்கவில்லை. இவ்வளவுதான் புகார். கண் உள்ளவனுக்கும் இதே புகார் வரும், அவனுக்கு வேறு இடத்தில் இடிக்கும்.

இதை மட்டும் அவரிடம் காட்டு. சுருக்கமாகவே இருக்கிறது.

உன்மேல் கோபம் வந்தது, போய்விட்டது. மேலாளரிடம் "தப்பாத் தூக்கிட்டேன்" என்று சொன்னதை உன் அக்காவுக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன். "அவனா சொன்னான்? நம்ம பையனா?" என்று நம்பாமல் கேட்கிறாள்.

---

ஏப்ரல் 20

அத்தானுக்கு,

காட்டினேன். படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். முடிந்தது என்று நினைத்தேன்.

அடுத்த வாரம் எங்கள் கடையில் அதிகம் விற்கிற பண்ணை விளையாட்டுக்கு ஒரு அப்டேட் போனது. சத்தமில்லாமல், என் முறைப்படி. எல்லாருடைய விசைகளையும் அது மாற்றி வைத்துவிட்டது. உழப்போனவன் மாட்டை விற்றான். உழைத்து வளர்த்த மந்தை ஒரு அழுத்தில் போனது. புகார்ப் பக்கம் நிரம்பி வழிந்தது. மேலாளர் என்னைக் கூப்பிட்டு, "உங்க அத்தான் லெட்டரை எடுத்துட்டு வா" என்றார். ஆகவே உங்களுக்காக ஒத்துக்கொண்டார் என்று நினைத்துவிடாதீர்கள். மாட்டுக்காக ஒத்துக்கொண்டார்.

'பனித்துறை' செய்தவர்களோடும் பேசினேன். கம்பெனி என்று நினைத்திருந்தேன். புருஷன் பெண்டாட்டி இரண்டே பேர். ஒலி வேலை அந்த அம்மா. சோதனைக்காகச் சுவருக்கு ஒரு சத்தம் கட்டி, எடுக்க மறந்துபோனாராம். யாரோ கூர்மையான காதுக்காரன் "இரைச்சல் வருது" என்று எழுதியதால் எடுத்தாராம். நீங்கள் அதைப் பிடித்துக்கொண்டு நடந்ததைச் சொன்னேன். இணைப்புப் போய்விட்டதோ என்று இரண்டு தடவை "ஹலோ, ஹலோ" என்றேன். கடைசியில், "அதுல கதவுக்கு வேற மாதிரி வருமே, அதையும் கண்டுபிடிச்சாங்களா?" என்று கேட்டார். கண்டுபிடித்தார்கள் என்றேன். அழுதாரா சிரித்தாரா என்று எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

புதிய பதிப்பிலேயே ரீங்காரம் திரும்ப வருகிறது. வேண்டியவர்கள் அமைப்பில் போய் இயக்கிக்கொள்ளலாம். ஓட்டையும் அடைபட்டிருக்கும், ஊரும் ஒன்றாக இருக்கும். எங்கள் பக்கம் கேட்கிற ஜன்னல் தயார். இந்த அப்டேட்டுக்குத்தான் முதன்முதலாக வரும். என்ன மாறுகிறது என்று சொல்லும், கேட்கும், காத்திருக்கும். வெள்ளிக்கிழமை.

---

ஏப்ரல் 25

மாப்பிள்ளை,

வந்தது.

என் கணினிப் பெண் அதை எனக்கு இப்படி வாசித்தாள்: "ஜன்னல். படம். பொத்தான். பொத்தான்."

மறுபடி வாசிக்கச் சொன்னேன். "பொத்தான். பொத்தான்."

சங்கத்தில் எல்லார் வீட்டிலும் இதேதான். தபால்காரர் குத்துமதிப்பாக ஒன்றை அமுக்கினார். ஜன்னல் போய்விட்டது. அது 'இப்போதே'வா, 'பிறகு'வா என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறார். 'பிரேக்' இரண்டையும் மாறி மாறி அமுக்கினானாம், அவன் சுபாவப்படி.

உன் அக்கா, "நகருங்க, நான் பாத்துச் சொல்றேன்" என்று வந்தாள். வேண்டாம் என்றேன். எங்களிடம் கேட்பதற்காகச் செய்த ஜன்னல் இது. எங்களுக்குக் கேட்கும்வரை நான் எதையும் அமுக்கப்போவதில்லை. திறந்தபடியே இருக்கட்டும்.

---

ஏப்ரல் 25

அத்தான்,

படித்தேன். எழுத்தைப் படமாக வரைந்து ஒட்டியிருக்கிறார்கள், உங்கள் கணினிக்கு வாசிக்க அதில் எழுத்தே இல்லை. அழகாக இருக்கிறதென்று நான்தான் சரி சொன்னேன். நாலு பேர் பரிசோதித்தோம், நாலு பேருக்கும் கண் தெரியும். எவனுக்கும் திரையை அணைத்துப் பார்க்கத் தோன்றவில்லை. எனக்கும் கூட. அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகும்.

தொடாதீர்கள். திங்கட்கிழமைக்குள் சரியாகும். சங்கத்தில் யாராவது இரண்டு பேரை எங்கள் பரிசோதனைக்குத் தர முடியுமா? கூலி உண்டு, இரக்கம் கிடையாது. 'பிரேக்' கட்டாயம் வேண்டும். அவன் மாதிரி அமுக்குகிற ஆள் எங்களிடம் இல்லை.

---

ஏப்ரல் 28

மாப்பிள்ளை,

இன்று மத்தியானம் கணினிப் பெண் வாசித்தது இது. அப்படியே தருகிறேன்:

"பனித்துறைக்கு ஒரு மாற்றம் வந்திருக்கிறது. சுவர் பக்கம் போனால் கேட்கும் ரீங்காரம் திரும்ப வருகிறது. வேண்டுமென்றால் அமைப்பில் இயக்கிக்கொள்ளலாம். வேறு எதுவும் மாறவில்லை. இப்போதே போடவா? பொத்தான்: இப்போதே. பொத்தான்: பிறகு."

இதை எழுதியது நீதான் என்று எனக்குத் தெரியும். "வேறு எதுவும் மாறவில்லை" என்று வெட்டென்று சொல்ல உன்னைத் தவிர அங்கே யாருக்கு வரும்?

மூன்று மாதமாக இதற்குத்தான் உன்னோடு மல்லுக்கட்டினேன். விரலை வைத்தேன். 'இப்போதே' பக்கம்தான் போனது. பிறகு தோன்றியது, என்னை ஒருவர் கேட்டிருக்கிறார், நான் சொல்வதற்காக நிற்கிறார். இப்படி யார் என்னைக் கேட்கிறார்கள்? ரோடு கடக்கணுமா என்று கேட்பதற்குள் பாதி ரோடு தாண்டவைத்துவிடுகிறார்கள்.

அதனால் 'பிறகு' அமுக்கினேன். "சரி, காத்திருக்கிறேன்" என்றது. டீ போட்டுக் குடித்தேன். ரொம்ப நன்றாக இருந்தது.

---

ஏப்ரல் 28

அத்தான்,

டீ குடித்தது போதும். அமுக்கித் தொலையுங்கள்.

பாட்டு டீச்சர் வந்துவிட்டார், தபால்காரர் வந்துவிட்டார், ஒருவன் வந்த வேகத்தில் என்மேல் இடித்துவிட்டு "சாரி, புதுசா?" என்கிறான். நானும் உள்ளேதான் நிற்கிறேன். திரையை அணைத்துவிட்டு வந்தேன், இந்தத் தடவை நீங்கள் சொல்லாமலே. ஏதோ ஒரு சுவர் முனகுகிறது. எந்தத் தெரு என்று தெரியவில்லை. எல்லாரும் உங்களைத்தான் கேட்கிறார்கள்.

சீக்கிரம் வாங்க. எனக்கு வழி தெரியல.